சவரப் பிரஷ்ல ஒளிஞ்சிருந்த அடைப்பான்

ரேஸர் எபிசோடுக்கு அப்புறம் உங்ககிட்ட இருந்து வந்த கேள்விகள்ல பாதி ஒரே கேள்விதான்: "பிரஷ் எது வாங்குறது? நிஜ முடியா, சிந்தெடிக்கா?" நுரை நல்லா வருமா, கன்னத்துல குத்துமா, எவ்வளவு நாள் உழைக்கும், இதுதான் உங்க கவலை. நியாயமான கவலைதான், கடைசியில அதுக்கும் வர்றேன். ஆனா நூறு வருஷத்துக்கு முன்னாடி லண்டன்லயும் நியூயார்க்லயும் இதே கேள்விக்கு வேற எடை இருந்தது. கடையில புதுசா வாங்கின பிரஷ்ஷால ஷேவ் பண்ணிட்டுப் போன ஆள், ஒரு வாரத்துல செத்துப்போன காலம் அது.

1915 ஏப்ரல் 22. பெல்ஜியத்துல ஈப்ரு பக்கத்துல ஜெர்மன் ராணுவம் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. முதல் உலகப் போர்ல பெரிய அளவுல நடந்த முதல் விஷவாயுத் தாக்குதல் அதுதான். அதுக்கப்புறம் ஒவ்வொரு சிப்பாய்க்கும் முகமூடி வேண்டியிருந்தது. ஆரம்பத்துல ஈரத்துணி, அப்புறம் சாக்கு மாதிரி தலையோட மாட்டுற உறை. 1916க்கு மேல முகத்தோட இறுக்கி ஒட்டுற ரப்பர் வகை முகமூடி வந்தது. இங்கதான் தாடி பிரச்சினை ஆச்சு. முகத்துக்கும் ரப்பருக்கும் நடுவுல முடி இருந்தா வாயு உள்ள வந்துடும். அதனால சேறும் எலியும் நிறைஞ்ச பதுங்குகுழிக்குள்ளயும் தினமும் ஷேவ்.

இதுல ஒரு சின்ன வேடிக்கை. பிரிட்டிஷ் ராணுவத்துல தாடையை மழிக்கணும், ஆனா மீசையை மழிக்கவே கூடாதுன்னு விதி. 1916 அக்டோபர்ல அதை எடுத்தாங்க. உத்தரவில் கையெழுத்துப் போட்ட ஜெனரல் நெவில் மக்ரெடிக்கே தன் மீசை பிடிக்காது. அதுக்கப்புறம் அவரும் மீசையை எடுத்துட்டாராம்.

ஆக, லட்சக்கணக்கான ஆண்களுக்கு ஒரே நேரத்துல ரேஸர், சோப்பு, பிரஷ் மூணும் தேவைப்பட்டது. 1918ல் மட்டும் அமெரிக்க ராணுவம் ஜில்லெட்டிடம் வாங்கின ரேஸர் சுமார் 35 லட்சம். ரேஸர் இரும்பு, தொழிற்சாலையில அடிச்சுத் தள்ளிடலாம். பிரஷ் அப்படி இல்லை. அதுக்கு முடி வேணும். முடிக்கு மிருகம் வேணும்.

அன்னைக்கு உசத்தியான பிரஷ்னா பேட்ஜர் முடிதான். மண்ணுல வளை தோண்டி வாழுற, முகத்துல கருப்பு வெள்ளைக் கோடு போட்ட பிராணி அது. அதோட முடி அடியில வெளுப்பு, நடுவுல ஒரு கருப்புப் பட்டை, நுனியில மறுபடி வெளுப்பு. நுனி ரொம்ப மெல்லிசு. போருக்கு முன்னாடி இந்த முடி பெரும்பாலும் ரஷ்யாவில இருந்து ஜெர்மனிக்குப் போகும். அங்க சுத்தம் பண்ணி, தரம் பிரிச்சு, கட்டு கட்டா மற்ற நாடுகளுக்கு அனுப்புவாங்க. போர் வந்ததும் அந்தப் பாதை அறுந்தது. ரஷ்யாவும் ஜெர்மனியும் ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்கிட்டிருக்கிறப்ப யார் முடி வியாபாரம் பண்ணுவா?

ஆனா சந்தையில தேவை குறையலையே. அதனால வியாபாரிகள் குதிரை முடியை எடுத்தாங்க. சீனா, சைபீரியா, ஜப்பான் வழியா மலிவா வந்த முடி. அதுக்குச் சாயம் ஏத்தி, நடுவுல ஒரு கருப்புப் பட்டையைக் கொண்டுவந்து, பேட்ஜர் மாதிரியே வித்தாங்க. வாங்குறவருக்கு வித்தியாசம் தெரியாது. எந்த நாட்டு முடி, எந்த மிருகத்து முடி, சுத்தம் பண்ணினதா இல்லையான்னு பிரஷ்ஷைப் பார்த்துச் சொல்ல வழியே இல்லை. முன்னாடி ஜெர்மனியில நடந்த சுத்தம் செய்யும் வேலை இப்போ யார் பொறுப்புன்னும் தெளிவில்லை. நல்லா கொதிக்க வெச்சா முடியோட நிறமும் விறைப்பும் கெடும், விலை இறங்கும். அதனால பலர் அந்த வேலையை அரைகுறையா முடிச்சாங்க.

அந்த முடியோட கூடவே வந்தது ஆந்த்ராக்ஸ். நம்ம ஊர்ல மாடு வளர்க்குறவங்களுக்கு இது அடைப்பான் நோய். நல்லா மேஞ்சுக்கிட்டிருந்த மாடு திடீர்னு விழுந்து செத்துப்போகும். வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் மனுஷங்ககிட்டயும் இதைப் பார்த்துப் பதிவு பண்ணியிருக்காங்க. ஆந்த்ராக்ஸ்ங்கிற கிரேக்கச் சொல்லுக்கு அர்த்தம் கரி. தோல்ல வர்ற புண்ணு கரி மாதிரி கருத்துப்போறதால அந்தப் பேர்.

இந்தக் கிருமிக்கு ஒரு தந்திரம் உண்டு. நிலைமை சரியில்லைன்னா தன்னைச் சுத்தி ஒரு கெட்டி ஓடு கட்டிக்கிட்டுத் தூங்கிடும். அதுக்கு ஸ்போர்னு பேர். 1876ல் ராபர்ட் காக் இதைத்தான் கண்டுபிடிச்சார். ஜெர்மனியில ஒரு சின்ன ஊர்ல டாக்டரா இருந்துக்கிட்டே வீட்டுல வெச்சுப் பண்ணின ஆராய்ச்சி. ஸ்போருக்குச் சோப்பு, வெந்நீர், வெயில் எதுவும் பெருசில்லை. பல வருஷம் அப்படியே கிடக்கும்.

இப்ப ஷேவிங்கை யோசிச்சுப் பாருங்க. வெந்நீர்ல பிரஷ்ஷை ஊற வெச்சு, முகத்துல வட்டம் வட்டமாத் தேய்க்கிறீங்க. அப்புறம் பிளேடு, கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் கீறல். மறுநாள் அதே கீறல் மேல அதே பிரஷ். தோலுக்குள்ள ஒரு கிருமியை ஏத்தணும்னு யாராவது திட்டம் போட்டாலும் இதைவிட நல்ல வழி கிடைக்காது.

முதல்ல பூச்சி கடிச்ச மாதிரி ஒரு தடிப்பு, அரிப்பு. அப்புறம் நீர்க்கொப்புளம். ரெண்டு மூணு நாள்ல நடுவுல கருப்பா ஒரு பொருக்கு. வலி இருக்காது, அதுதான் ஏமாத்துற விஷயம். ஆனா சுத்தி வீக்கம் ஏறும். கையில வந்தா பரவாயில்லை. இது தாடையிலயும் கழுத்துலயும் வர்றதால வீக்கம் மூச்சுக்குழாயை அடைக்கலாம். கிருமி ரத்தத்துல கலந்துட்டா அப்புறம் செய்ய ஒண்ணுமில்லை. பெனிசிலின் இன்னும் வரலை. புண்ணை வெட்டி எடுப்பாங்க, இல்லைன்னா இத்தாலிக்காரர் ஸ்க்லாவோ 1895ல் உருவாக்கின சீரம் ஊசி போடுவாங்க.

டாக்டர்கள் ஆரம்பத்துல குழம்பினதுல ஆச்சரியமில்லை. ஆந்த்ராக்ஸ் அவங்களுக்குத் தெரிஞ்ச நோய்தான், ஆனா அது தோல் பதனிடுறவங்களுக்கும் கம்பளி பிரிக்கிறவங்களுக்கும் வர்றது. கசாப்புக் கடைக்கும் போகாத, மாட்டைத் தொடாத சிப்பாய்க்கு எப்படி? எல்லாருக்கும் புண்ணு ஷேவ் பண்ற இடத்துல இருக்குன்னு கவனிச்சப்பதான் பிரஷ் மேல சந்தேகம் வந்தது. நோயாளியோட பிரஷ்ல ஸ்போர் கிடைச்சது. அது அவர்கிட்ட இருந்து பிரஷ்ஷுக்குப் போயிருக்கலாமேன்னு கேட்டா? அதுக்கும் பதில் கிடைச்சது. யாரும் தொடாத, கடையில இருந்த புது பிரஷ்கள்லயும் ஸ்போர் இருந்தது.

1915க்கும் 1924க்கும் நடுவுல பிரிட்டன்லயும் அமெரிக்காவிலயும் சேர்த்து, பிரஷ்ஷோட தொடர்புள்ள ஆந்த்ராக்ஸ் 200 பேருக்கு மேல வந்ததா ஆவணங்கள் சொல்லுது. பெரும்பாலானவங்க அமெரிக்கச் சிப்பாய்கள். லட்சக்கணக்குல செத்த போர்ல 200ங்கிறது ஒரு அடிக்குறிப்புதான். ஆனா இவங்களுக்கு இந்த நோயைக் கொடுத்தது எதிரி இல்லை. விஷவாயுல இருந்து தப்பிக்க முகத்தை மழிச்சாங்க, அந்த மழிப்பே வேற வாசலைத் திறந்துவிட்டது.

அரசாங்கங்கள் முதல்ல பொறுப்பை வாங்கினவர் தலையில கட்டின விதம் எனக்கு எரிச்சல் தர்ற பகுதி. அமெரிக்கச் சுகாதாரத் துறை சொன்ன வழி இது: 10 சதவீத ஃபார்மலின் கரைசல்ல, சுமார் 43 டிகிரி சூட்டுல, 4 மணி நேரம் பிரஷ்ஷை ஊற வைக்கணும். யார் வீட்டுக் குளியலறையில அந்தச் சூட்டை 4 மணி நேரம் பிடிச்சு வைக்க முடியும்? ஃபார்மலின் புகை கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். பிரஷ் செஞ்சவர் செய்ய வேண்டிய வேலையை, அதைப் பத்து காசுக்கு வாங்கினவர் செய்யணுமாம்.

தடை பிறகுதான் வந்தது. பிரிட்டன்ல 1919ல் ஆந்த்ராக்ஸ் தடுப்புச் சட்டம், அதுக்குக் கீழ 1920ல் ஜப்பான்ல இருந்து வர்ற சவரப் பிரஷ்களுக்குத் தடை. அமெரிக்காவும் அதே சமயத்துல ஜப்பான் பிரஷ்களை நிறுத்தியது.

அந்த 1919 சட்டத்துக்குப் பின்னாடி வேற ஒரு கதை இருக்கு. அது பிரஷ்ஷுக்காக வந்த சட்டமே இல்லை. இங்கிலாந்துல பிராட்ஃபோர்டுன்னு ஒரு ஊர், கம்பளி மில்களோட தலைநகரம். வெளிநாட்டு ஆட்டு ரோமத்தைப் பிரிச்செடுக்குற தொழிலாளிகள் அங்க திடீர் திடீர்னு செத்தாங்க. மூச்சு வழியா ஸ்போர் நுரையீரலுக்குப் போயிடும். கம்பளி பிரிப்பவர் நோய்னே அதுக்குப் பேர். அது ஆந்த்ராக்ஸ்தான்னு அந்த ஊர் டாக்டர் ஜான் ஹென்றி பெல் 1879ல் சொன்னார். ஃபிரெட்ரிக் யூரிக்ன்னு இன்னொரு டாக்டர் பல வருஷம் ரத்தக்கறை படிஞ்ச கம்பளியைக் கையில வெச்சுக்கிட்டு ஆராய்ச்சி பண்ணினார். பெல் சொன்னதுல இருந்து, வர்ற சரக்கையே கிருமி நீக்கம் செய்ய வைக்கிற சட்டம் வர 40 வருஷம் ஆச்சு. பிரஷ்ஷுக்கான தடை அந்தச் சட்டம் வந்த அடுத்த வருஷமே வந்துடுச்சு. ஷேவ் பண்றவங்களுக்கு இருந்த குரல் கம்பளி பிரிக்கிறவங்களுக்கு இல்லைன்னுதான் நான் இதைப் படிக்கிறேன்.

சரி, சிந்தெடிக் எப்ப வந்தது? டூபான்ட் கம்பெனியில வாலஸ் கரோதர்ஸ் குழு 1935 பிப்ரவரியில நைலானை உருவாக்கினது. அது முதல்ல கடைக்கு வந்தது காலுறையா இல்லை, பல் தேய்க்கிற பிரஷ்ஷா, 1938ல். அதுவரைக்கும் பல் பிரஷ்ல இருந்தது பன்றி முடி, பெரும்பாலும் சீனாவில இருந்து. சவரப் பிரஷ்ல நைலான் அவ்வளவு சுலபமா எடுபடலை. மிருக முடியோட மேல்பரப்புல ஓடு ஓடா செதில் இருக்கும், முடியும் கொஞ்சம் தண்ணி உறிஞ்சும். நைலான் வழவழன்னு இருக்கும், தண்ணியைப் பிடிக்காம வழிய விட்டுடும், நுனியும் மொட்டை. பல வருஷம் சிந்தெடிக்னா மட்டம்ங்கிற பேர் அதனாலதான். இப்ப வர்றது பி.பி.டி.ங்கிற வேற இழை. நுனியைக் கூராக்கி, இழையை லேசா அலை அலையா வளைச்சுடுறாங்க, அந்த இடுக்குகள்ல தண்ணி நிக்குது. ஊற வைக்க வேண்டாம், சீக்கிரம் காயும். நம்ம சென்னை மாதிரி காத்துலயே தண்ணி இருக்குற ஊர்ல அது பெரிய விஷயம். ஈரமாவே கிடக்குற நிஜ முடி பிரஷ் நாத்தம் எடுக்கும்.

பன்றி முடி மலிவு, ஆரம்பத்துல குத்தும், சில வாரம் போனா நுனி பிளந்து மென்மையாகும். பேட்ஜர் சுகம்தான், மறுக்கலை. ஆனா இன்னைக்கு அந்த முடி வர்றது பெரும்பாலும் சீனாவில இருந்து. 2018ல் ஒரு விலங்குநல அமைப்பு அங்க கூண்டுல பேட்ஜர்களை எப்படி வெச்சிருக்காங்கன்னு வீடியோ வெளியிட்டதும் பல கம்பெனிகள் பேட்ஜர் முடியை விட்டுட்டாங்க. நம்ம நாட்டுலயும் இதே மாதிரி ஒண்ணு உண்டு. ஓவியர்கள் பயன்படுத்துற பிரஷ்ஷுக்காகக் கீரிப்பிள்ளையைக் கொல்றது. வனவிலங்குச் சட்டப்படி குற்றம், ஆனாலும் சோதனைகள்ல இன்னும் பிடிபட்டுக்கிட்டுத்தான் இருக்கு. நான் பயன்படுத்துறது சிந்தெடிக். உங்க முதல் பிரஷ்ஷும் அதுவா இருக்கட்டும்னுதான் சொல்வேன்.

கடைசியா, பழைய பொருள் சேர்க்கிறவங்களுக்கு. ஸ்போர் எவ்வளவு நாள் தாங்கும்ங்கிறதுக்கு ஸ்காட்லாந்துல ஒரு சாட்சி இருக்கு. குருயினார்ட்ங்கிற குட்டித் தீவுல 1942ல் பிரிட்டன் ஆந்த்ராக்ஸ் குண்டை ஆடுகள் மேல பரிசோதிச்சது. 1986ல் 280 டன் ஃபார்மால்டிஹைடைக் கடல்நீர்ல கலந்து மண்ணுல ஊத்தினாங்க. ஆள் போகலாம்னு அறிவிச்சது 1990ல். அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்து ஆய்வாளர்கள் 2017ல் இந்தப் பிரஷ் கதையை மறுபடி அலசினாங்க. பழைய பிரஷ்ஷால ஆபத்து வர்ற வாய்ப்பு ரொம்பக் கம்மி, இப்ப விக்கிற புது பிரஷ்ஷால பயமில்லைன்னாங்க. ஆனா 1930க்கு முந்தின முடி பிரஷ்ஷை முகத்துல வைக்காம இருக்கிறது நல்லது, வீட்டுல ரசாயனம் போட்டுச் சுத்தம் பண்றேன்னும் இறங்க வேண்டாம். கொள்ளுத்தாத்தா பிரஷ் கிடைச்சா, கைப்பிடி அழகா இருந்தா, கண்ணாடி அலமாரியில வெச்சுக்கோங்க.