உடல் எடையும் உயர் இரத்த அழுத்தமும்: எடைக்கருவி சொல்வதும் சொல்லாததும்

திருவனந்தபுரம்: பொன்முடி மலைக்குச் செல்லும் சாலையில் விதுராவைக் கடந்ததும் வருவது கல்லாறு. தமிழ்நாட்டு வாசகர்கள் அறிந்த மேட்டுப்பாளையம் கல்லாறு அன்று. அதே பெயரில் திருவனந்தபுரம் மாவட்டத்தின் மலையடிவாரத்தில் உள்ள சிற்றூர். சுற்றியுள்ள வனப்பகுதியில் காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகள் உள்ளன. மலைவழிகளில் நடந்து பழகியவர்கள் வாழும் இத்தகைய பகுதிகளில் உயர் இரத்த அழுத்தம் அரிதாகவே இருக்கும் என்று எண்ணத் தோன்றும்.

ஆனால், ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கேரள மாநிலப் பழங்குடியினரிடையே நடத்தி, 2012ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகக் கூறுகிறது. வயது வந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் நான்கு பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பது அதில் தெரியவந்தது. உடல் பருமன் இந்நோய்க்கு முக்கியக் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஒல்லியாக இருப்பது மட்டுமே பாதுகாப்பு ஆகிவிடாது.

மாநிலங்களின் நிலை

தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019 முதல் 2021 வரை நடைபெற்றது. அதன்படி, கேரளத்தில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 38.1 சதவீதத்தினரும் ஆண்களில் 36.4 சதவீதத்தினரும் அதிக எடை அல்லது உடல் பருமன் கொண்டவர்கள். தமிழ்நாட்டில் இந்த அளவு பெண்களிடையே 40.4 சதவீதமாகவும் ஆண்களிடையே 37 சதவீதமாகவும் உள்ளது.

நாடு தழுவிய நிலையை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இணைந்து நடத்திய ஆய்வு காட்டுகிறது. 2023ஆம் ஆண்டு வெளியான அதன் முடிவுகளின்படி, இந்தியாவில் வயது வந்தவர்களில் 35.5 சதவீதத்தினருக்கு உயர் இரத்த அழுத்தம் உள்ளது. 28.6 சதவீதத்தினருக்கு உடல் பருமனும், 39.5 சதவீதத்தினருக்கு வயிற்றுப் பருமனும் உள்ளன. மொத்த எடை அதிகம் உள்ளவர்களைவிட வயிற்றில் கொழுப்பு சேர்ந்தவர்களே அதிகம் என்பது கவனிக்கத்தக்கது.

எடை கூடினால் அழுத்தம் உயர்வது ஏன்?

உடல் பெரிதாகும்போது அதற்குத் தேவையான இரத்தத்தின் அளவும் கூடுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தத்தை இதயம் வெளியேற்ற வேண்டியுள்ளது. இது முதற்காரணம்.

கொழுப்புத் திசு வெறும் சேமிப்புக் கிடங்கு அன்று. அது பல வேதிப்பொருள்களைச் சுரக்கிறது. அவற்றுள் ஒன்றான லெப்டின், பரிவு நரம்பு மண்டலத்தைத் தூண்டுகிறது. இதனால் இரத்த நாளங்கள் சுருங்குகின்றன. நாளங்களைச் சுருக்கி உப்பைத் தேக்கிவைக்கும் ஆஞ்சியோடென்சின் உருவாவதற்கான மூலப்பொருளையும் கொழுப்புத் திசு சுரக்கிறது.

வயிற்றின் உட்பகுதியில் சேரும் கொழுப்பு சிறுநீரகங்களைச் சூழ்ந்து அழுத்துகிறது. இன்சுலின் சரிவரச் செயல்படாத நிலையில் இரத்தத்தில் அதன் அளவு கூடுகிறது. இதுவும் சிறுநீரகங்கள் சோடியத்தை வெளியேற்றவிடாமல் தடுக்கிறது. மேலும், பருமன் உள்ளவர்களுக்கு உறக்கத்தின்போது மூச்சு அவ்வப்போது தடைபடும் நோய் அதிகம் வருகிறது. இரவு முழுவதும் ஆக்சிஜன் குறைந்து குறைந்து மீள்வதால் பகலிலும் இரத்த அழுத்தம் உயர்ந்தே நிற்கிறது.

இந்தியர்களுக்கான அளவுகோல்

கிலோ கணக்கிலான எடையை, மீட்டர் கணக்கிலான உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறைக் குறியீட்டெண். இது 25ஐத் தொட்டால் அதிக எடை என்பது உலக அளவிலான பொது வரையறை. ஆசிய மக்களுக்குக் குறைந்த எடையிலேயே உடலில் கொழுப்பு மிகுதியாக இருப்பதால், இந்திய மருத்துவ வல்லுநர்கள் 23 முதல் அதிக எடை என்றும், 25 முதல் உடல் பருமன் என்றும் வகுத்துள்ளனர்.

எடுத்துக்காட்டாக, 160 செ.மீ. உயரம் உள்ளவர் 59 கிலோவைத் தாண்டினால் அதிக எடை. 64 கிலோவை எட்டினால் பருமன். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்ற வரம்பைத் தாண்டக் கூடாது. எடை சரியாக இருந்தும் தொந்தி உள்ளவர்களை எடைக்கருவி காட்டிக்கொடுக்காது. அளவு நாடா காட்டிக்கொடுக்கும்.

எவ்வளவு குறைத்தால் பயன்?

ஒரு கிலோ எடை குறைந்தால் இரத்த அழுத்தம் சராசரியாக 1 மி.மீ. அளவுக்குக் குறைவதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரியவந்துள்ளது. 80 கிலோ எடை உள்ளவர் 70 கிலோவுக்கு வரவேண்டும் என்பதில்லை. 4 அல்லது 5 கிலோ குறைத்தாலே பயன் தொடங்கிவிடும். வாரத்திற்கு 150 நிமிட வேக நடை இதற்குத் துணை செய்யும்.

எடை குறைந்தாலும் உப்பு குறையாவிட்டால் முழுப் பயன் கிட்டாது. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் உள்ள உப்பும் இந்தக் கணக்கில் அடங்கும். புகையிலை, மது, முதுமை, பரம்பரை ஆகியவை ஒல்லியானவர்களுக்கும் அழுத்தத்தை உயர்த்தக்கூடியவை.

அளப்பதிலும் கவனம் தேவை

பருமனான கையில் சிறிய பட்டையைச் சுற்றி அளந்தால், உள்ளதைவிட அதிக அழுத்தம் காட்டும். எனவே கையின் சுற்றளவுக்கு ஏற்ற பட்டையைக் கேட்டுப் பெற வேண்டும். ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்த பின், முதுகைச் சாய்த்து, கையை இதயத்தின் மட்டத்தில் வைத்து அளப்பதே முறை. வெவ்வேறு நாள்களில் அளக்கும்போதும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர் இரத்த அழுத்தம்.

இந்நோய் பெரும்பாலும் எந்த அறிகுறியையும் காட்டுவதில்லை. பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவை வந்த பிறகே பலரும் இதனை அறிகின்றனர். இதைத் தடுக்கவே இந்திய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டம் 2017ஆம் ஆண்டு கேரளம் உள்ளிட்ட ஐந்து மாநிலங்களில் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் வீட்டிற்கே வந்து அழுத்தத்தை அளந்து மாத்திரை வழங்குகின்றனர்.

எடை குறைந்ததும் மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவது ஆபத்து. அளவைக் குறைப்பதா, நிறுத்துவதா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். பருமனானவர் எடையைக் குறைக்க வேண்டும். ஒல்லியானவரும் 30 வயதைக் கடந்ததும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரத்த அழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும்.