கை மரத்துப் போகுற கதை

புல்லட்ல ஒரு மணி நேரம் போனா கை மரத்துப் போகுதுன்னு சொன்னா, "போகப் போகப் பழகிடும் மச்சி"ம்பாங்க. பழகாதுங்க. இதுக்கு நூறு வருஷத்துக்கு மேல வரலாறு இருக்கு.

1918. அமெரிக்காவுல இந்தியானா மாநிலத்து பெட்ஃபோர்ட். காற்றழுத்தச் சுத்தியலால் சுண்ணாம்புக்கல் செதுக்குன தொழிலாளர்களோட விரல்கள் குளிர்ல வெளுத்து மரத்துப் போச்சு. டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் அவங்களை ஆராய்ஞ்சு மூணு காரணம் சொன்னார்: கருவியோட அதிர்வு, குளிர், இறுக்கிப் பிடிக்கறது.

பைக்லயும் இதே மூணுதான். நார்ட்டன் அட்லஸ் 750ல ரெண்டு பிஸ்டனும் சேர்ந்தே ஏறி இறங்கும். அதிர்வு நேரா கைக்கு வரும். 1967ல வந்த நார்ட்டன் கமாண்டோவில் அந்த அதிர்வை நிறுத்தலை. இன்ஜினை ரப்பர் மேல உட்கார வச்சு, ஓட்டுறவர்கிட்ட வராம தடுத்தாங்க.

நம்ம புல்லட் 1955க்கு முன்னாடியே சென்னைக்கு வந்துடுச்சு. ஒத்தை சிலிண்டர். எதிர் எடையாச் சுத்தி அதிர்வைக் குறைக்கிற பேலன்சர் ஷாஃப்டோட 350 சிசி மீட்டியோர் வந்தது 2020ல!

பழைய வண்டி வச்சிருக்கவங்க ஹேண்டில்பாரைத் தளர்வாப் பிடிங்க, குளிர்ல க்ளவுஸ் போடுங்க, அடிக்கடி நிறுத்தி விரலை மடக்கி நீட்டுங்க. வண்டியை விட்டு இறங்கியும் மரப்பு போகலைன்னா, மெக்கானிக்கை விடுங்க, டாக்டரைப் பாருங்க.