பேங்க்கர் (புதினம்)

பேங்க்கர் என்பது பிரித்தானிய எழுத்தாளர் டிக் பிரான்சிஸ் (1920–2010) எழுதிய ஆங்கிலத் துப்பறியும் புதினம் ஆகும். இது 1982 ஆம் ஆண்டு வெளியானது. குதிரைப் பந்தயம், குதிரை இனப்பெருக்கம், வங்கிக் கடன் ஆகிய மூன்றும் இக்கதையில் பின்னிப் பிணைந்துள்ளன.

ஆசிரியர்

பிரான்சிஸ் எழுத்தாளராவதற்கு முன் தொழில்முறைக் குதிரையோட்டியாக இருந்தவர். 1953–54 பருவத்தில் பிரித்தானியாவின் தடைதாண்டும் பந்தயங்களில் முதன்மை ஓட்டியானார். 1956 கிராண்ட் நேஷனல் பந்தயத்தில் அரச அன்னை எலிசபெத்தின் டெவன் லாக் என்ற குதிரையை ஓட்டினார். வெற்றிக் கோட்டை நெருங்கி முன்னணியில் இருந்தபோது அக்குதிரை திடீரெனச் சரிந்து விழுந்தது. அடுத்த ஆண்டு ஓய்வு பெற்ற அவரது முதல் புதினம் 1962 இல் வெளிவந்தது.

கதைச்சுருக்கம்

கதையைச் சொல்பவர் டிம் எகாடெரின், தம் குடும்பத்தார் நிறுவிய இலண்டன் முதலீட்டு வங்கியில் பணிபுரியும் இளைஞர். அவரது மேலதிகாரி கார்டன் மைக்கேல்ஸ் நடுக்குவாத நோய்க்கு உட்கொண்ட மருந்தால் மனமயக்கத்துக்கு உள்ளாகி, உடையுடன் நீரூற்றில் இறங்கி நிற்கிறார். இதன் விளைவாகக் கடன் வழங்கும் பொறுப்பு டிம்மிடம் வருகிறது. கார்டனின் மனைவி ஜூடித் மீது டிம் கொள்ளும் வெளிப்படுத்த இயலாத காதல் கதை நெடுகத் தொடர்கிறது.

ஆலிவர் நோல்ஸ் என்னும் பண்ணை உரிமையாளர் சாண்ட்காஸில் என்ற புகழ்பெற்ற பந்தயக் குதிரையைப் பொலிகுதிரையாக வாங்க 50 இலட்சம் பவுண்டு கடன் கேட்கிறார். வங்கி தருகிறது. ஆனால் மறு ஆண்டு அக்குதிரைக்குப் பிறந்த குட்டிகளில் பல ஊனமுற்றிருக்கின்றன. கால்நடை மருத்துவர் ஒருவரும் பின்னர் நோல்சின் மகள் ஜின்னியும் கொல்லப்படுகின்றனர். நோயுற்ற குதிரைகளைத் தொட்டுக் குணப்படுத்துபவராகப் பெயர் பெற்ற கால்டர் ஜாக்சனும் கதையில் முக்கியப் பங்கு வகிக்கிறார். முடிவை இங்கு கூறுவது படிப்போரின் சுவையைக் கெடுக்கும்.

நிதிப் பின்னணி

இப்புதினத்தின் வலிமை கொலையைவிடக் கடன் கணக்கிலேயே உள்ளது எனலாம். பொலிகுதிரைக்குக் கொடுக்கும் பணம் இணைசேர்ப்புக் கட்டணம் மூலமே திரும்ப வரவேண்டும். விலையைப் பலர் பகிர்ந்துகொள்ளும் வகையில் குதிரையின் உரிமை பங்குகளாகப் பிரித்து விற்கப்படும். பங்குதாரர் ஆண்டுதோறும் தம் பெண் குதிரையை அனுப்பலாம். குதிரையின் கருக்காலம் ஏறத்தாழ 11 மாதங்கள் என்பதால், இட்ட முதல் தேறுமா என்பது அடுத்த ஆண்டில்தான் தெரியும். கதை மூன்று ஆண்டுகளில் நிகழ்வதற்கும், அத்தியாயங்கள் ஆண்டு, மாதப் பெயர்களில் அமைந்ததற்கும் இதுவே பொருத்தமான பின்னணி. குட்டிகள் ஊனமுற்றவை என்ற செய்தி பரவியதும் குதிரையின் மதிப்பு வீழ்கிறது. நோல்சின் பண்ணையும் வீடும் கடனுக்குப் போகும் நிலை ஏற்படுகிறது. கையெழுத்திட்ட டிம்மின் தீர்ப்பும் கேள்விக்குள்ளாகிறது.

இத்தகைய முதலீட்டின் இடரை உண்மை நிகழ்வு ஒன்றும் காட்டியது. 1981 டெர்பி பந்தயத்தை வென்ற ஷெர்கார் குதிரை, ஒன்று 2,50,000 பவுண்டு வீதம் 40 பங்குகளாக மதிப்பிடப்பட்டது. இப்புதினம் வெளிவந்த மறு ஆண்டு, 1983 பெப்ரவரி 8 அன்று, அது அயர்லாந்துப் பண்ணையிலிருந்து கடத்தப்பட்டது, பின்னர் கிடைக்கவேயில்லை. பங்குதாரர் சிலரின் காப்புறுதி இறப்பை மட்டுமே உள்ளடக்கியிருந்தது, திருட்டை அன்று.