துருப்பிடித்த டகோமாவும் 15 வருட வாரண்டியும்

இன்னைக்கு ஒரு பிக்கப் வண்டியோட கதை.

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் பனிக்காலம் வந்தா ரோட்டில் உப்பு கொட்டுவாங்க. பனி உருகும், கூடவே வண்டியோட அடிப்பக்கமும் அரிக்கும். டொயோட்டா டகோமாவில் அது எல்லை மீறிப் போச்சு. வண்டியையே தாங்குற சேஸிஸ் துருப்பிடிச்சு ஓட்டை விழுந்தது. துருத் தடுப்புப் பூச்சு போதவில்லை.

2008-ல் டொயோட்டா ஒரு முடிவெடுத்தது. 1995 முதல் 2000 வரையிலான மாடல்களுக்குத் துரு வாரண்டி 15 வருடம். எத்தனை மைல் ஓடியிருந்தாலும் சரி. சேஸிஸ் ரொம்ப மோசமா இருந்தா, சந்தை மதிப்பில் ஒன்றரை மடங்கு கொடுத்து வண்டியைத் திரும்ப வாங்கிக்கிட்டாங்க.

தாராளம்தான். ஆனா எனக்கு உறுத்துறது அந்த 15 வருடக் கணக்கு. அது வண்டி முதலில் விற்ற நாளிலிருந்து ஓடுச்சு. 1995-ல் விற்ற வண்டிக்கு 2010-லேயே முடிஞ்சுது. மிச்சம் இருந்தது இரண்டே வருடம்.

ரீகால் என்றால் சட்டப்படி செய்தே ஆகணும். இது கம்பெனி தானாகக் கொடுக்கிற சலுகை. கடைசித் தேதியையும் கம்பெனியே எழுதுது. அதற்கு மறுநாள் சேஸிஸ் ஒடிஞ்சா, செலவு நம்மளோடது.

பழைய வண்டி வச்சிருக்கீங்களா? இப்படி ஒரு கடிதம் வந்தா, முதல்ல தேதியைப் பாருங்க.