ஜெட் போர்விமானிப் பயிற்சி விபத்துகள்

ஜெட் போர்விமானம் ஓட்டக் கற்கையில், எதிரி எவரும் இல்லாத வானில் நேர்ந்த விபத்துகளின் வரலாறு இது. 1940-களில் தொடங்கும் இவ்வரலாற்றின் நீண்ட, துயரமான பகுதி ஒன்று இந்தியாவைச் சேர்ந்தது.

தொடக்ககால ஜெட் விமானங்கள் அனுபவசாலிகளையும் பலிகொண்டன. நாற்பது ஜப்பானிய விமானங்களை வீழ்த்திய அமெரிக்க விமானி ரிச்சர்ட் பாங், 1945 ஆகஸ்ட் 6 அன்று பி-80 விமானத்தைக் கிளப்பியபோது எரிபொருள் பம்ப் பழுதாகி இறந்தார். மாற்றுப் பம்பை இயக்கும் சுவிட்ச் இருந்தும் அது இயக்கப்படவில்லை. இன்னொரு சிக்கலும் இருந்தது. பழைய விசிறி விமானத்தில் விசையைக் கூட்டியதும் இயந்திரம் உடனே சீறும். அன்றைய ஜெட் இயந்திரம் வேகம் பிடிக்கச் சில வினாடிகள் எடுத்துக்கொள்ளும். தாழப் பறக்கும் விமானிக்கு அந்தச் சில வினாடிகள்தான் உயிர்.

பிரிட்டனின் மீட்டியார் ஜெட் போர்விமானம் இன்னும் கொடியது. அந்நாட்டு விமானப்படை இழந்த மீட்டியார்கள் 890. இறந்த விமானிகள் 450 பேர். 1953-இல் மட்டும் 145 மீட்டியார்கள் நொறுங்கின. இரண்டு இயந்திரங்களில் ஒன்றை நிறுத்திவிட்டு இறங்கிப் பழகும் பயிற்சியில் பலர் மாண்டனர். மாணவரும் பயிற்றுநரும் அமர்ந்த மீட்டியார் டி-7 பயிற்சி விமானத்தில் வெளியேற்று இருக்கைகூட இல்லை.

இந்திய விமானப்படைக்கு முதல் ஜெட் விமானங்களான வாம்பயர்கள் 1948-இல் வந்தன. அதே ஆண்டு அம்பாலாவில் தொடங்கிய பயிற்றுநர் பள்ளி 1954-இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. பல தலைமுறை விமானிகளுக்குக் கற்றுத்தந்தவர்கள் சென்னையை அடுத்த இந்த ஓடுபாதையில் தேர்ந்தவர்களே. 1964-இல் பெங்களூரில் உருவான கிரண் பயிற்சி விமானம் முதன்முதலாகப் பறந்தது. அதில் மாணவரும் பயிற்றுநரும் அருகருகே அமர்வார்கள். மாணவரின் கை தயங்குவதைப் பயிற்றுநர் கண்ணாலேயே பார்க்கலாம்.

சிக்கல் அடுத்த படியில் இருந்தது. கிரணின் உச்சவேகம் மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர். 1963-இல் படையில் சேர்ந்த மிக்-21 போர்விமானம் ஒலியைப்போல் இரு மடங்கு வேகத்தில் பறக்கக்கூடியது. தரையிறங்க வரும்போதே மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டிய வேகம். அதன் இரட்டை இருக்கை வகையில் பயிற்றுநர் மாணவருக்குப் பின்னே அமர்வார். இறங்கும்போது முன்னே பார்க்கப் பெரிஸ்கோப் வேண்டும். இயந்திரம் ஒன்றுதான். அது நின்றால் சிறிய முக்கோண இறக்கைகளை நம்பி மிதந்து வர முடியாது, விமானம் கல்போல் கீழிறங்கும். இருபத்துச் சொச்ச வயது இளைஞர்கள் கிரணிலிருந்து இதற்குத் தாவ வேண்டியிருந்தது.

இந்த இடைவெளியை விமானப்படை அறியாமல் இல்லை. ஏர் மார்ஷல் டெனிஸ் லா ஃபோன்டெய்ன் தலைமையிலான குழு 1982-இலேயே உயர்நிலை ஜெட் பயிற்சி விமானம் வாங்கப் பரிந்துரைத்தது. அது வரவில்லை. 1986-இல் அசாமின் தேஜ்பூரில் மிக்-21 விமானத்திலேயே பயிற்சி தரும் பிரிவு அமைந்தது, போர்விமானமே பள்ளிக்கூடமாயிற்று. 1997-இல் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் தலைமையில் போர்விமான விபத்துகளை ஆராய மற்றொரு குழு அமைந்தது. இளமையில் விமானப்படை விமானியாகும் தேர்வில் கலந்துகொண்டு, எட்டு இடங்களுக்கு ஒன்பதாவதாக வந்து வாய்ப்பை இழந்தவர் அவர்.

1970-களின் தொடக்கம் முதல் 2012 ஏப்ரல் வரை மிக் வகை விமானங்களில் 482 விபத்துகள் நேர்ந்ததாகவும், 171 விமானிகள் இறந்ததாகவும் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். இவை அனைத்தும் பயிற்சி விபத்துகள் அல்ல. ஆனால் பல விசாரணைகள் ‘விமானியின் தவறு’ என்று முடிந்தன. தகுந்த படிக்கட்டு தராமல் மாடிக்கு ஏறச் சொல்லிவிட்டு, விழுந்தவன்மேல் பழிபோடும் முடிவு அது. 2001-இல் மிக்-21 விபத்தில் மகனை இழந்த ஒரு குடும்பம் அந்தப் பழியை ஏற்க மறுத்துப் பல ஆண்டுகள் போராடியது. 2006-இல் வந்த ‘ரங் தே பசந்தி’ திரைப்படம் இவ்விபத்துகளைப் பொதுமக்கள் பேச்சாக்கியது.

 இந்தியாவைப் போலன்றி, மலேசியா வேறு வரிசையில் தொடங்கியது. 1967 முதல் அது பெற்ற 20 டெபுவான் விமானங்கள், கனடாவின் டியூட்டர் பயிற்சி விமானத்தை ஒட்டிச் செய்யப்பட்டவை. ஆஸ்திரேலியா தந்த சேபர்கள் 1969-இல்தான் வந்தன. ஒரு நாட்டின் முதல் ஜெட் விமானமே பயிற்சி விமானத்தின் வழிவந்தது என்பது நல்ல தொடக்கம். ஆயினும் டெபுவான்கள் உலோகக் களைப்பால் 1980-களின் நடுவில் விலக்கப்பட்டன.

இந்தியா 66 ஹாக் ஜெட் பயிற்சி விமானங்களுக்கு ஒப்பந்தமிட்டது 2004 மார்ச்சில். பீதரில் அவை பணியில் சேர்ந்தது 2008 பிப்ரவரியில். 1982-இன் பரிந்துரைக்கும் இந்த விமானங்களின் வருகைக்கும் இடையே 26 ஆண்டுகள் ஓடிவிட்டன. மிக்-21 விமானங்கள் 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றன.

கிரணின் இடத்துக்கு வர வேண்டிய எச்.ஜே.டி-36 விமானம் 2003-இல் முதன்முதலாகப் பறந்தும், சுழன்று விழும் நிலையிலிருந்து மீளும் சோதனையில் ஆண்டுக்கணக்கில் தடுமாறியது. 2023 ஜூன் 1 அன்று கர்நாடகத்தின் சாமராஜநகர் அருகே ஒரு கிரண் நொறுங்கியது. அதிலிருந்த இருவரும் வெளியேற்று இருக்கையால் உயிர் தப்பினர்.