மூன்று நிமிடத் தட்டும் இரண்டு நண்பர்களும்

நம் வயதுக்காரர்களுக்குக் கிராமபோன் தட்டைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம். ஊசி நடுவுக்கு வந்ததும் எழுந்துபோய்த் திருப்பிப் போட வேண்டும். அந்தத் தட்டுகளைக் கூடி உட்கார்ந்து கேட்ட சில பிரெஞ்சு இளைஞர்கள், கடலுக்கு அப்பால் பிறந்த ஓர் இசைக்கு வரலாறு எழுதத் தொடங்கினார்கள். அதே தட்டுகளே பிறகு அவர்களைப் பிரித்தன. பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் ஆதலால், இந்தக் கதையை அந்த மொழியிலேயே படிக்க எனக்கு வாய்த்தது.

ஜாஸ், அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த இசை. தாளில் எழுதியதை அப்படியே வாசிப்பதல்ல; வாசிக்கும் நேரத்தில் மனத்தில் தோன்றுவதே அதன் உயிர். ஆகவே பதிவான தட்டுதான் அதற்கு ஆவணம். பாரீஸ் ரசிகனுக்கு நியூயார்க் போய்க் கேட்க வசதி ஏது? யாரிடமாவது ஒரு தட்டு வந்தால் எல்லோரும் அங்கே கூடுவார்கள்.

அப்படிக் கூடியவர்கள் 1932-இல் அமைத்த சங்கம்தான் ‘ஹாட் கிளப் தெ பிரான்ஸ்’. அதில் இருவர் முக்கியமானவர்கள். ஒருவர் ஊக் பனாசியே. இளமையில் போலியோ தாக்கியவர்; 1934-இல், இருபத்திரண்டாம் வயதுக்குள் ‘ல ஜாஸ் ஹாட்’ என்ற நூலை வெளியிட்டவர். மற்றவர் ஷார்ல் தெலொனே. ஓவியர்கள் ரொபேர் தெலொனே, சோனியா தெலொனே தம்பதியின் மகன்.

தட்டின் லேபிளில் பெரும்பாலும் குழுவின் பெயர் மட்டும் இருக்கும். ட்ரம்பெட் யார், பியானோ யார், எந்த நாளில், எந்த ஊரில் என்ற விவரம் இருக்காது. கூடிக் கேட்பவர்களுக்கு முதலில் எழும் கேள்வியோ ‘வாசிப்பது யார்?’ என்பதுதான். தெலொனே விசாரித்து விசாரித்து 1936-இல் ‘ஹாட் டிஸ்கோகிராஃபி’ என்ற நூலை வெளியிட்டார். தட்டு வாரியாகக் கலைஞர் பெயர், தேதி, பதிவு எண் எல்லாம் அதில் உண்டு. பதிவேடுகளோடு பணிக்காலத்தைக் கழித்த எனக்கு இந்த நூலின் மேல் தனி மரியாதை. பெயர் தெரியாமல் போயிருக்கக்கூடிய எத்தனையோ கலைஞர்கள் அந்தப் பட்டியலால் வரலாற்றில் நின்றார்கள்.

கேட்பதோடு அவர்கள் நிற்கவில்லை. 1934-இல் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் கிதாரும் ஸ்தெஃபான் கிராப்பெல்லியின் வயலினும் சேர்ந்த குழுவைச் சங்கத்தின் பெயரிலேயே மேடையேற்றினார்கள். 1937-இல் ஜாஸுக்கென்றே ‘ஸ்விங்’ என்ற இசைத்தட்டு லேபிளைத் தொடங்கினார்கள். அதன் முதல் தட்டில் ‘ஹனிசக்கிள் ரோஸ்’, ‘கிரேஸி ரிதம்’ என்ற இரண்டு பாட்டுகள். அமெரிக்கர்களான கோல்மன் ஹாக்கின்ஸ், பென்னி கார்ட்டரோடு இரண்டு பிரெஞ்சு சாக்ஸபோன்காரர்கள், ஜாங்கோவின் கிதார், வயலின்காரர் கிராப்பெல்லி அன்று பியானோவில். இந்தக் கட்டுரையைப் படித்தபின் ஒன்றே ஒன்று கேட்பதென்றால் ‘கிரேஸி ரிதம்’ கேளுங்கள். கடைசியில் ஹாக்கின்ஸ் நுழையும் இடத்தைத் தவறவிடாதீர்கள்.

ஆனால் தட்டை நம்பி எழுதும் வரலாற்றில் ஓர் ஆபத்து உண்டு. கைக்கு வந்த தட்டுதான் உலகம் என்று தோன்றிவிடும். பனாசியே முதலில் அதிகம் கேட்டது வெள்ளைக்கார ஜாஸ் கலைஞர்களை. முதல் நூலில் அவர்களை மிகையாக உயர்த்தியிருந்தார். பிற்பாடு 1942-இல் வந்த நூலில் அதை அவரே ஒப்புக்கொண்டு திருத்தினார். பெரிய மனதுதான்.

பிறகு யுத்தம். ஜெர்மானியர் பாரீஸைப் பிடித்தார்கள். அமெரிக்கத் தட்டுகளின் வரத்து நின்றது. அமெரிக்கப் பாட்டுகளுக்குப் பிரெஞ்சுப் பெயர் சூட்டி வாசித்தார்கள். எதிர்ப்பு இயக்கத்தில் இருந்த தெலொனேயை 1943 அக்டோபரில் கெஸ்டாப்போ கைது செய்து, பிறகு விடுவித்தது. அமெரிக்காவிலும் ராயல்டி தகராறால் 1942 ஆகஸ்டு முதல் இசைக்கலைஞர் சங்கம் ஒலிப்பதிவை நிறுத்தியிருந்தது. பெரிய கம்பெனிகள் சிலவற்றோடு சமரசம் ஏற்பட்டது 1944 நவம்பரில்தான். அந்த இடைவெளியில் ‘பீபாப்’ என்ற புதிய வாசிப்பு வளர்ந்ததைப் பிரான்ஸ் அறியவில்லை.

யுத்தம் முடிந்து டிஸ்ஸி கில்லெஸ்பி, சார்லி பார்க்கர் தட்டுகள் வந்து சேர்ந்தபோது பாரீஸ் ரசிகர்கள் திகைத்துப் போனார்கள். படிப்படியாகக் காதில் ஏறியிருக்க வேண்டிய மாற்றம், ஒரே நாளில் தலையில் விழுந்தாற்போல் ஆயிற்று. தெலொனே அணைத்துக்கொண்டார். தெற்கே மோந்தோபானில் இருந்த பனாசியே, இது ஜாஸே அல்ல என்று தீர்ப்பளித்தார். 1947-இல் சங்கம் உடைந்தது. சங்கத்தின் பெயர் பனாசியேயிடம்; ‘ஜாஸ் ஹாட்’ பத்திரிகை தெலொனேயிடம். பழமைவாதிகளைப் ‘பூஞ்சை பிடித்த அத்திப்பழம்’ என்றும், புதுமைக்காரர்களைப் ‘புளித்த திராட்சை’ என்றும் பரஸ்பரம் ஏசிக்கொண்டார்கள்.

1948 பிப்ரவரியில் பனாசியே பக்கத்தார் நீஸ் நகர விழாவில் லூயி ஆம்ஸ்ட்ராங்கைக் கேட்டார்கள். அதே மாதம் பாரீஸின் பிளேயெல் அரங்கில் கில்லெஸ்பியின் பெரிய குழு வாசித்தது. இரண்டையும் ரசிக்க ஒரே காது போதுமே என்று இன்று நமக்குத் தோன்றுகிறது. அன்று அவர்களுக்கு அது கொள்கைப் போர்.

பனாசியே 1974-இலும் தெலொனே 1988-இலும் மறைந்தார்கள். ஒருவர் சேர்த்த தட்டுகள் வில்ஃபிரான்ஷ் தெ ரூயெர்க் ஊரின் பொது நூலகத்தில். மற்றவர் சேகரிப்பு பாரீஸ் தேசிய நூலகத்தில். சண்டை அவர்களோடு போயிற்று. தட்டுகள் பொதுச்சொத்தாகி, பழசும் புதுசும் கேட்க வருபவருக்காகக் காத்திருக்கின்றன.