காலதாமதப் பொறுத்தல் (இராணுவத் தீர்ப்பு)

இராணுவ நீதிமன்றம் குற்றவாளியெனக் கண்ட ஒருவர், அத்தீர்ப்பை எதிர்த்துப் பொது நீதிமன்றத்துக்கு வரத் தாமதமானால், அத்தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளுமாறு கேட்பது.

இலங்கையில் இராணுவ நீதிமன்றம் 1949ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க இராணுவச் சட்டப்படி கூடுகிறது. அதன் தீர்ப்பை அரசியலமைப்பின் 140ஆம் உறுப்புரையின்கீழ், மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை மனு மூலம் எதிர்க்கலாம். இம்மனுவுக்கு நாட்கணக்கு வரையறுக்கப்படவில்லை. எனினும் காரணம் காட்டாத தாமதம் மனுவை வீழ்த்திவிடக்கூடும்.

மாகாண மேல் நீதிமன்றத்தின் எழுத்தாணை அதிகாரம் மாகாண சபைப் பட்டியல் விடயங்களோடு நின்றுவிடுகிறது. பாதுகாப்பு அதில் இல்லை. ஆகவே மட்டக்களப்புப் புளியந்தீவில் வாழ்பவரும் கொழும்பு புதுக்கடைக்கே செல்லவேண்டும். தூரமும் செலவும் தாமதத்தை வளர்க்கின்றன.

இராணுவத் தீர்ப்பின் எடையைக் காட்டும் ஒரு வழக்கு உண்டு. முன்னாள் இராணுவத் தளபதி சரத் பொன்சேகாவுக்கு 2010 செப்டெம்பரில் இராணுவ நீதிமன்றம் 30 மாதச் சிறை விதித்தது. அதனால் அவரது நாடாளுமன்ற ஆசனம் பறிபோனது பற்றிய வழக்கில், இராணுவ நீதிமன்றமும் ஒரு நீதிமன்றமே என 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் கூறியது. 2015 ஜனவரியில் அவர் முழு மன்னிப்புப் பெற்றார்.

இந்தியாவில் 2007ஆம் ஆண்டின் ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டம், அத்தீர்ப்பாயத்தின் முடிவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்ய 90 நாள் தருகிறது; அதை நீட்டிக்கவும் இடமுண்டு.

இரு நாடுகளிலும் மனுதாரர் தாமதத்துக்கான காரணத்தை ஆவணத்தோடு விளக்க வேண்டும்.